ஆட்டக்காரனும் அணியும் பயிற்றுநரும்

கல்லூரியின் விளையாட்டணி தெரிவு செய்யப்படும் நாளில், அறிவித்தற் பலகையைச் சூழ்ந்து நிற்கும் மாணவர் கூட்டத்தைக் கண்டிராத பழைய மாணவர் நம்முள் இலர். எல்லோரும் எதிர்பார்த்த பெயரொன்று பட்டியலில் இல்லாதிருப்பின் அன்று மாலைவரை கல்லூரியெங்கும் பேச்சு அதுவேயாகும். “அவன் குழுவோடு ஒத்துப்போகாதவன்” என்பர் ஒரு சாரார். “பொறுப்பாசிரியருக்கு அவனைப் பிடிக்காது” என்பர் மறுசாரார். இரு கூற்றுகளும் எளிதிற் சொல்லப்படுவன, எளிதிற் சோதிக்கப்படாதன. அணியோடு பொருந்துதல் என்பது ஆட்டக்காரன் ஒருவனிடத்தே தனித்துக் கிடக்கும் குணமா? அன்றி, உடன் ஆடுவோரும் பயிற்றுவிப்போரும் சேர்ந்து உண்டாக்கும் ஓர் உறவா? இவ்வினாவையே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இதற்கு நம் மைதானத்து நிகழ்ச்சி எதனையும் யாம் எடுத்துக்கொள்ளவில்லை. அண்மையிலுள்ளதை நடுநின்று நோக்குதல் அரிது. அன்றியும், அத்தகைய நிகழ்ச்சிகளிற் சம்பந்தப்பட்டோர் சிலரேனும் இம்மலரை வாசிப்பர். ஆதலின் தொலைவிலுள்ள ஒருவரை, ருஷிய நாட்டுப் பனித்தரை ஹொக்கி வீரர் வியச்செஸ்லாவ் பெதீசோவை, எடுத்துக்கொள்வோம். கனடாவிற் குடியேறிய நம்மவரின் பிள்ளைகள் சிலர் ஐஸ் ஹொக்கி என்ற பெயரோடு இவ்வாட்டத்தைப் பயில்கின்றனர். ஆகவே இது நமக்கு முற்றும் அந்நியமானதன்று.

ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது சொல்லியே ஆகவேண்டும். நாம் புற்றரையில் ஆடும் ஹொக்கியில் ஓரணிக்குப் பதினொருவர், பனித்தரையில் அறுவரே. கோல் காப்பாளர் ஒருவர், பின்காவலர் இருவர், முன்வரிசையினர் மூவர். பந்துக்குப் பதிலாகத் தட்டையான இறப்பர் வட்டொன்று வழங்கும். சறுக்கு வேகம் மிகுதியாதலின் எவரும் தொடர்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றாடுதல் கடினம். ஆகவே காப்பாளர் ஒழிந்த ஐவர் ஒருங்கே இறங்கி, ஒருங்கே ஏறி, அடுத்த ஐவருக்கு இடங்கொடுப்பர். இதனால் அணி என்பது நடைமுறையிற் சில சிறு கூட்டுகளின் தொகுதியாகவே இயங்குகிறது. ஒருவர் எவரோடு இறக்கப்படுகிறார் என்பதே அவர் ஆட்டத்திற் பாதியைத் தீர்மானித்துவிடும்.

பெதீசோவ் 1958 இல் மொஸ்கோவிற் பிறந்தவர். இளவயதிலேயே செஞ்சேனையின் கழகமாகிய சி. எஸ். கே. ஏ. இல் இடம்பெற்றார். பின்காவலராயினும் பின்னே நின்று காப்பதோடு அமைபவரல்லர். வட்டைத் தாமே ஏந்தி முன்சென்று, எதிரணியைக் கலைத்து, தக்க தோழனுக்கு ஈந்து, கணத்தில் மீண்டும் தம்மிடம் சேர்பவர். 1977 இல் விக்ரர் திகோனோவ் என்பவர் அக்கழகத்துக்கும் தேசிய அணிக்கும் ஒருங்கே பயிற்றுநரானார். 1980 களின் தொடக்கத்தில் அவர் அமைத்த ஐவர் கூட்டு உலகப் புகழ் பெற்றது. முன்வரிசையில் குருத்தோவ், லரியோனோவ், மக்காரோவ். பின்காவலில் பெதீசோவ், கசதோனோவ். இவர்கள் ஆடியதைத் திரைச்சுருளிற் காண்போர் ஒன்றை உணர்வர். வட்டை வைத்திருப்பவன் தோழன் எங்கே என்று தேடுவதில்லை. தோழன் வரவிருக்கும் வெற்றிடத்துக்கு அதனை அனுப்பிவிடுகிறான். வழி அடைபட்டால் வட்டை எறிந்துவிட்டு ஓடாமல் பின்னே திருப்பி, மீண்டும் ஒழுங்குபட்டு, வேறு வழி காண்கின்றனர்.

இவ்வொருமை வானத்திலிருந்து இறங்கியதன்று. திகோனோவ் தம் ஆட்டக்காரரை ஆண்டின் பெரும்பகுதியும் ஆர்க்காங்கல்ஸ்கொயே என்னும் இடத்துப் பயிற்சி முகாமில் வைத்திருந்தார். மனைவி மக்களைப் பிரிந்து, வேளைக்கு வேளை வகுத்த நியமப்படி அவர்கள் வாழ்ந்தனர். இராணுவ உத்தியோகத்தராகவும் இருந்தமையால் மறுத்துச் சொல்லவும் வழியில்லை. பயனை எவரும் மறுக்கவியலாது. அவர் பொறுப்பேற்ற பின் 1978 முதல் 1989 வரை ஆண்டுதோறும் சோவியத் சம்பியன் பட்டம் அக்கழகத்துக்கே உரியதாயிற்று. 1984 இலும் 1988 இலும் ஒலிம்பிக் தங்கப்பதக்கங்கள் கிடைத்தன.

ஆயினும் அவரது கண்டிப்பின் மறுபக்கம் முன்னரே வெளிப்பட்டிருந்தது. 1980 பெப்ரவரி 22 ஆம் நாள், லேக் பிளசிட் ஒலிம்பிக்கில் அமெரிக்க மாணவர் அணியோடு நிகழ்ந்த ஆட்டத்தில், முதற் பகுதி முடியும் தறுவாயில் ஒரு கோல் விழுந்து இரண்டுக்கு இரண்டு எனச் சமநிலையாயிற்று. உடனே திகோனோவ், உலகின் தலைசிறந்த காப்பாளரெனப் போற்றப்பட்ட திரெத்தியாக்கை வெளியே இருத்தி, வேறொருவரை இறக்கினார். நான்குக்கு மூன்று என்ற கணக்கிற் சோவியத் அணி தோற்றது. அம்மாற்றமே தம் வாழ்வின் பெரும் பிழையெனத் திகோனோவ் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அன்று பலகையில் அமர்ந்து நோக்கிய திரெத்தியாக்கின் திறமை ஓர் இடைவேளைக்குள் எங்கும் போய்விடவில்லை. பயிற்றுநரின் நம்பிக்கையே போயிற்று. ஒதுக்கப்படுதல் எப்போதும் ஆட்டக்காரனைப் பற்றிய செய்தியாகாது. சில வேளை அது ஒதுக்கியவரின் அச்சத்தைப் பற்றிய செய்தியுமாகும்.

இனிப் பெதீசோவிடம் வருவோம். 1988 கல்கரி ஒலிம்பிக்கின் பின்னர் அவர் அமெரிக்கா சென்று நியூ ஜேர்சிக் கழகத்தில் ஆட அனுமதிக்கப்படுவார் என்ற வாக்குறுதி இருந்தது. அது நிறைவேறவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரில் லரியோனோவ் ‘ஓகன்யோக்’ சஞ்சிகையிற் பயிற்றுநருக்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதி, முகாம் வாழ்வின் கொடுமையை நாடறியச் செய்தார். தொடர்ந்து 1989 தொடக்கத்தில் பெதீசோவும் திகோனோவின் கீழ் இனி ஆடுவதில்லை எனப் பத்திரிகை வாயிலாக அறிவித்தார். அணித்தலைவராயிருந்த அவர் அணிக்குப் புறத்தே நின்றார். முப்பது வயது, உலகிற் சிறந்த பின்காவலருள் ஒருவர், ஆயினும் கழகத்தில் இடமில்லை.

இவ்விடத்திற் பயிற்றுநரின் பக்கத்தையும் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். ஒருவர் பகிரங்கமாக எதிர்த்தபின் அவரை வைத்துக்கொண்டு ஏனையோரை எவ்வாறு ஆள்வது? கல்லூரி அணிகளுக்குப் பொறுப்பாயிருந்த ஆசிரியர் எவரும் இவ்வினாவின் பாரத்தை அறிவர். திறமை மிக்க ஒருவன் பயிற்சிக்கு வராதிருந்தும் போட்டிக்கு இறக்கப்படுவானாயின், நாள் தவறாது வந்த மற்றவன் மனம் என்னாகும்? திகோனோவ் பொருட்படுத்தியது அணியின் ஒழுங்கையே. அவர் தவறியது வேறோரிடத்தில் என்பது எமது துணிபு. கீழ்ப்படிதலையும் பொருந்துதலையும் அவர் ஒன்றெனக் கொண்டார். தமக்குப் பணியாதவன் தோழரோடும் பொருந்தான் என எண்ணினார். நிகழ்ந்ததோ நேர்மாறானது.

1989 வசந்தத்தில் ஸ்ரொக்ஹோம் நகரில் உலகச் சம்பியன் போட்டி நெருங்கியது. அவ்வேளை லரியோனோவ், மக்காரோவ், குருத்தோவ் முதலிய தோழர் தொலைக்காட்சியிற் தோன்றி, பெதீசோவ் சேர்க்கப்படாவிடிற் தாமும் செல்வதில்லை என்றனர். சோவியத் நாட்டில் இராணுவக் கழகத்தைச் சேர்ந்தோர் இவ்வாறு பேசுவது எத்துணை ஆபத்தானது என்பதை இன்றைய மாணவர் எளிதில் உணரார். எல்லோரும் அவ்வாறு நின்றிலர் என்பதும் உண்மை. பின்காவலில் அவரது நெடுநாள் இணையாகிய கசதோனோவ் அன்று அவர் பக்கம் சேரவில்லை. அவ்விருவர் நட்பும் முறிந்தது. எனினும் பெதீசோவ் மீண்டும் அழைக்கப்பட்டார். பல மாதங்கள் ஒதுங்கியிருந்தவர் எப்படி ஆடுவாரோ என்ற ஐயத்துக்கு இடமேயிருக்கவில்லை. சோவியத் அணி தங்கம் வென்றது. அப்போட்டியின் சிறந்த பின்காவலராகவும் அவரே தெரிவானார். பயிற்றுநரோடு பேச்சறுந்த ஒருவர், தோழரோடு இம்மியும் பிசகாது ஆடினார்.

கதை இத்துடன் முடிந்திருப்பின், கொடிய பயிற்றுநரும் நல்ல தோழரும் என்று ஒரு வரியில் எழுதி யாம் அகன்றிருப்போம். ஆனால் இதற்குப் பின் நிகழ்ந்ததே எம் ஆராய்ச்சிக்கு உயிரானது.

அவ்வாண்டே ஐவருக்கும் வழி திறந்தது. பெதீசோவ் நியூ ஜேர்சிக்கும், மக்காரோவ் கல்கரிக்கும், லரியோனோவும் குருத்தோவும் வன்கூவருக்கும் சென்றனர். கசதோனோவும் பின்னர் நியூ ஜேர்சியையே அடைந்தார். விரும்பிய விடுதலை கிடைத்தது. ஆட்டமோ கைநழுவியது! குருத்தோவ், எதிரணியினர் அஞ்சிய அந்தப் பெருவீரர், ஒரே பருவத்தில் வேண்டாதவராகி நீங்கினார். பெதீசோவும் நியூ ஜேர்சியிற் பழைய பெதீசோவாகத் தோன்றவில்லை. அங்கு நிலவிய முறை வேறு. வட்டை எதிரணியின் மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்துவதும், பின்காவலர் தம் இடத்தைக் காத்து நிற்பதும், உடலால் மோதித் தடுப்பதுமே அங்கு வழக்கு. அவர் வெற்றிடம் நோக்கி வட்டை அனுப்பினால் அங்கே எவரும் வந்து சேரார். பார்ப்போருக்கு அது வட்டை வீணே இழந்ததாகத் தோன்றும். வயதாகிவிட்டது, மெலிந்துவிட்டார் என்றெல்லாம் பேசினர். மொஸ்கோவிற் பயிற்றுநருக்குப் பொருந்தாதிருந்தவர் இங்கே ஆட்டமுறைக்குப் பொருந்தாதவரானார். இதில் எவர் கொடுமையும் இல்லை. எவரும் அவரைத் தண்டிக்கவுமில்லை. எனினும் விளைவு ஏறத்தாழ அதுவே. 1995 ஏப்பிரலில், முப்பத்தேழு வயது நிறையுமுன், புதிய ஆட்டக்காரர் தெரிவில் மூன்றாஞ் சுற்று உரிமையொன்றுக்கு ஈடாக டிற்றொயிற் கழகத்துக்கு அவர் மாற்றப்பட்டார்.

டிற்றொயிற்றின் பயிற்றுநர் ஸ்கொற்றி போமன். இவர் 1975 டிசெம்பர் 31 ஆம் நாள் மொன்றியல் அணியைப் பயிற்றிச் செஞ்சேனைக் கழகத்தை எதிர்த்தவர். மூன்றுக்கு மூன்று எனச் சமநிலையில் முடிந்த அவ்வாட்டம் இன்றும் நினைவுகூரப்படுவது. ஆகவே சோவியத் முறையை அவர் எதிரியாக நின்று கற்றவர். 1994 இல் அதே பாடத்தைத் தோல்வியாகவும் கற்க நேர்ந்தது. லரியோனோவும் மக்காரோவும் மீண்டும் ஒன்றுசேர்ந்து ஆடிய சான் ஹொசே அணி, தரவரிசையில் முதல்வராயிருந்த அவரது டிற்றொயிற்றை முதற் சுற்றிலேயே வெளியேற்றியது. முந்திய பருவத்திற் பதினொரு வெற்றிகளே பெற்ற அணி அது!

1995 ஒக்ரோபரில் போமன் லரியோனோவையும் வாங்கிக்கொண்டார். டிற்றொயிற்றில் ஏற்கெனவே பியோதரோவ், கொஸ்லோவ், கொன்ஸ்தாந்தீனோவ் என்னும் இளைய ருஷியர் மூவர் இருந்தனர். ஒக்ரோபர் 27 இல், 1988 இற் பெதீசோவும் லரியோனோவும் ஒலிம்பிக் தங்கம் பெற்ற அதே கல்கரி நகரில், ஐவரையும் ஒருங்கே இறக்கினார். டிற்றொயிற் மூன்றுக்குச் சூனியம் என வென்றது. அப்பருவ முடிவில் அவ்வணியின் வெற்றிகள் 62. அந்நாள்வரை எவ்வணியும் எட்டாத தொகை. ஸ்ரான்லி கிண்ணம் அவ்வாண்டு கைகூடவில்லை. 1997 இற் கைகூடியது. 1955 இன் பின்னர் அந்நகருக்கு அதுவே முதலாவது. கிண்ணத்தைப் பெதீசோவும் லரியோனோவும் சேர்ந்தே ஏந்திப் பனித்தரையை வலம் வந்தனர்.

போமன் செய்தது யாது? அவர் பெதீசோவுக்குப் புதிதாக எதனையும் கற்பிக்கவில்லை. வேகம் குறைந்த ஒருவருக்கு வேகத்தை மீட்டுக் கொடுக்கவும் எவராலும் இயலாது. அவர் மொழி புரியும் நால்வரை அவரருகே நிறுத்தினார், அவ்வளவே. இங்கே எம்மை உறுத்தும் ஓர் எண்ணத்தையும் மறையாது சொல்கிறோம். அம்மொழி எங்கே கற்கப்பட்டது? பெதீசோவ் வெறுத்து நீங்கிய அதே முகாமில் அன்றோ! அவ்வைவருட் கொஸ்லோவ் ஒழிந்த ஏனையோர் சி. எஸ். கே. ஏ. கழகத்திலே திகோனோவின் கீழ் நெடுநாள் வளர்ந்தவர். போமன் அறுத்த கதிர் பிறர் விதைத்தது. திகோனோவின் கண்டிப்பின்றி அவ்வொருமை உண்டாகியிருக்குமா என்று வினவின், ஆம் என்று கூற எமக்குத் துணிவில்லை. ஆனால் ஒருவருக்காக ஒருவர் தொலைக்காட்சியில் நின்ற அந்த உறுதியை எந்த முகாம் நியமமும் அவர்களுக்குக் கற்பித்ததில்லை என்பதிலும் எமக்கு ஐயமில்லை.

1997 வெற்றியின் ஆறாம் நாள், ஆட்டக்காரர் சென்ற வாகனம் மரத்தில் மோதியது. கொன்ஸ்தாந்தீனோவ் தலையிற் கொடுங்காயமுற்று மீண்டும் ஆட இயலாதவரானார். உடனிருந்த பெதீசோவ் சிறு காயங்களோடு தப்பினார். அவ்வாண்டு ஓகஸ்ற்றிற் பெதீசோவும் லரியோனோவும் கொஸ்லோவும் கிண்ணத்தை மொஸ்கோவுக்கு எடுத்துச் சென்றனர். 1998 யூனில் டிற்றொயிற் மீண்டும் வென்றபோது சக்கர நாற்காலியிலிருந்த கொன்ஸ்தாந்தீனோவைப் பனித்தரைக்கு அழைத்துவந்து, கிண்ணத்தை அவர் மடியில் வைத்து, தோழர்கள் நாற்காலியைத் தள்ளிச் சென்றனர். அன்று நாற்பது வயதினராயிருந்த பெதீசோவுக்கு அதுவே கடைசி ஆட்டம்.