பூசணிக்காய்: பறிக்கும் பருவமும் பண்டிகைப் பலகாரமும்

புரட்டாசி பிற்பகுதியில் ஆயுத பூஜை நெருங்குங்கால், மதுரை கே.கே. நகரை அடுத்த மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில் வெண்பூசணிக்காய்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவதை இப்பக்கத்து விவசாயிகள் யாவரும் அறிவர். இரண்டொரு நாள் அதற்கு நல்ல கிராக்கி உண்டு. பூஜை முடிந்த மறுநாள் அதே காயைக் கேட்பாரில்லை. திருப்பி எடுத்துச் செல்வது வண்டிச் சத்தத்திற்கும் கட்டுபடியாகாதென்று காயை விட்டுப் போவதும் உண்டு. இந்த நஷ்டத்திற்குப் பண்டிகையின்மீதோ வியாபாரியின்மீதோ பழி கூறுவது வழக்கமாயினும், அதில் பெரும் பங்கு காயைப் பறிக்கும் நாளிலேயே நிர்ணயமாகிவிடுகிறது.

கணக்கு எளியது. ஆடி முதல் வாரத்தில் விதைத்த கொடிக்கு ஆயுத பூஜையன்று ஏறக்குறைய 90 நாள் வயதே ஆகியிருக்கும். வெண்பூசணி நன்கு முற்றுவதற்கு 120 நாளுக்குக் குறையாமல் வேண்டும். திருஷ்டி கழித்து உடைப்பதற்கு வாங்குகிறவர் முற்றலையும் பிஞ்சையும் பார்ப்பதில்லை; ஆகவே விவசாயியும் பாராமல் கொடி முழுவதையும் ஒரே நாளில் அறுத்துவிடுகிறார். விற்றது போக மிஞ்சியது இளங்காய். அது சில வாரத்தில் நீர்விட்டு அழுகும். முற்றின காயாயிருந்தால் பல மாதம் இருந்து, சமயம் பார்த்து விலையாகும். இருபது நாள் கழித்து வரும் தீபாவளிக்கு வீட்டிலே பலகாரமாகவும் ஆகும்.

இருவகைப் பூசணி

இங்கு பூசணி என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு செடிகள் வழங்குகின்றன. சாம்பல் பூத்த வெண்பூசணி ஒன்று. தென் ஜில்லாக்களில் இதைத் தடியங்காய் என்பர். இது ஆசியாவுக்கே உரியது; இதைக்கொண்டு செய்யும் வெண்பூசணி லேகியம் சித்த வைத்தியத்தில் பெயர்பெற்றது. மற்றொன்று மஞ்சட் சதையுள்ள சர்க்கரைப் பூசணி அல்லது பரங்கிக்காய். இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். பரங்கியர் வந்த காலத்திற்குப் பின்னரே இந்நாட்டுக்கு வந்தது என்பதைப் பெயரே காட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வாறு வந்த காய் இன்று தைப்பொங்கல் கூட்டுக்கு இன்றியமையாததாகிவிட்டது என்பது விநோதமே.

சாகுபடி

இரண்டுக்கும் ஆனி-ஆடி ஒரு பட்டம். மார்கழி-தை மற்றொரு பட்டம். ஆயுத பூஜைச் சந்தையை நாடுகிறவர்கள் ஆனி முதலிலேயே விதைத்துவிடுவது உத்தமம். பரங்கிக்கு ஏக்கருக்குச் சுமார் 400 கிராம் விதை போதும். இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, ஓரடி நீளம், அகலம், ஆழமுள்ள குழிகள் எடுத்து, குழிக்குப் பத்துக் கிலோ தொழுவுரத்தை மேல்மண்ணுடன் கலந்து நிரப்ப வேண்டும். முப்பதாம் நாள் குழிக்குப் பத்துக் கிராம் தழைச்சத்து மேலுரமாகக் கிடைக்கும்படி செய்க. கோயமுத்தூர்ப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் ஏழெட்டுக் கிலோ எடையுள்ள காய் தரும். ஆனால் 175 நாள் நிற்கும். கோ 2 ரகத்தின் காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. வயது 135 நாள். சிறு குடும்பங்கள் மிகுந்த நகரத்துக்குச் சிறிய காயே ஏற்றது. முழுக் காயாக விற்றால் கீற்றுப் போட்டு மிஞ்சியதை எறிய வேண்டியதில்லை.

பழ ஈ துளைத்த பிஞ்சுகளைக் கொடியடியிலேயே விட்டு வைப்பது பெருந்தவறு. அவற்றைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இக்கொடிகளில் தூவலாகாது, இலை கருகிப்போகும்.

ஐப்பசி அடைமழையில் தரையில் படியும் காய் அடிப்பக்கம் அழுகும். காய் ஒவ்வொன்றின் கீழும் வைக்கோற் பிரியோ, பனையோலைத் துண்டோ வைக்கவேண்டும். மழையால் சேதம் நேர்ந்து நிவாரணம் கோரும்போது அடங்கலில் பயிர் பதிவாகியிருக்கவேண்டும் என்பதையும் மறக்கலாகாது. 1980-இல் முன்சீப், கர்ணம் பதவிகள் எடுபட்டபின் அக்கணக்கு கிராம நிர்வாக அலுவலரைச் சேர்ந்தது. வரப்புக் கொடிதானே என்று விவசாயியும் சொல்லாமல், அலுவலரும் கேளாமல் விடப்படும் பயிர்களில் பூசணி முதன்மையானது.

முற்றின காயை அறிவது

வெண்பூசணியின் மேல் உள்ள சுணை உதிர்ந்து, வெண்சாம்பல் கனமாகப் படிந்து, விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பரங்கியில் பச்சை மாறி, தரையில் பட்ட பாகம் மஞ்சளிக்கும். காம்பு காய்ந்து கட்டைபோலாகும். நகத்தால் கீறினால் தோலில் நகம் இறங்கலாகாது. இக்குறிகள் கண்டபின் இரண்டங்குலக் காம்பு விட்டுக் கத்தியால் அறுக்க வேண்டும். காம்பைப் பிடித்துக் காயைத் தூக்குவது சாதாரண வழக்கம். காம்பு பெயர்ந்த இடமே அழுகலுக்கு வாசல்.

அறுத்த காயைப் பத்து நாள் மழைபடாத, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி வைத்தால் தோல் இறுகி, சிறு கீறல்கள் ஆறிவிடும். பின்னர் பரண்மேல் வைக்கோல் பரப்பி ஒரே அடுக்காக வைக்கலாம். பழுக்கும் வாழைத்தாரை அதே அறையில் வைக்கலாகாது. முழுக் காயைக் குளிர்பெட்டியில் வைப்பதும் தவறே. மிகுந்த குளிரில் அதன் சதை கெடும். இங்ஙனம் வைத்த பரங்கி இரண்டு மூன்று மாதம் கெடாது. அன்றியும், அதிலுள்ள மாவுச்சத்து நாளடைவில் சர்க்கரையாக மாறுவதால் வைத்த காய் புதிய காயைவிட இனிப்பாயிருக்கும். ஆயுத பூஜைக்கு முன் சிறியதும் கோணலுமான காய்களை மட்டும் உடைப்புக்கு விற்று, நல்ல காயைப் பரணேற்றுவது புத்திசாலித்தனம்.

பலகாரங்கள்

வெண்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்குமேல் நீரே. காசி அல்வாவின் பக்குவம் முழுவதும் இந்நீரை வாங்குவதில் இருக்கிறது. முற்றின காயைத் தோலும் விதையும் நீக்கித் துருவி, துருவல் ஒரு கிலோ எடுத்துப் பிழிந்து வைக்க வேண்டும். பிழிந்த சாற்றைக் கொட்டிவிடாமல் அதிலேயே துருவலை வேகவைத்து வற்றச் செய்க. நன்றாக வெந்தபின்னரே அரைக் கிலோ சர்க்கரை சேர்க்க வேண்டும். வேகுமுன் சர்க்கரை இட்டால் துருவல் விறைத்து நார்போல நின்றுவிடும். பிறகு 150 கிராம் நெய்யைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறி, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது ஏலமும் முந்திரியும் சேர்த்து இறக்கலாம். இளங்காயில் செய்தால் பாதிக்குமேல் நீராய்ப் போய், அடுப்பெரித்த செலவே மிஞ்சும்.

ஆக்ராவில் பேட்டா என்று விற்கும் கற்கண்டுத் துண்டுகளும் இதே காய்தான். அங்கே துண்டுகளை முள்ளால் குத்தி, சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைத்து, பலமுறை கழுவி, வேகவைத்துச் சர்க்கரைப் பாகில் ஏற்றுகின்றனர். சுண்ணாம்புச் சத்து காயின் சதையை இறுக்குவதால் துண்டு பாகில் குழையாமல் நிற்கிறது. தீபாவளிக்குப் பல நாள் முன்னரே செய்து டப்பாவில் வைக்கத்தக்க பண்டம் இது.

பரங்கியை மாவுடன் சேர்த்து ரொட்டிபோல் சுடுவது நம்மவர்க்குப் புதிது, ஆயினும் எளிது. பரங்கிக் கீற்றுகளை ஆவியில் வேகவைத்து மசித்து, துணியில் கட்டி நீர் வடித்தபின் 250 கிராம் எடுத்துக்கொள்க. அத்துடன் பொடித்த வெல்லம் 200 கிராம், கடலை எண்ணெய் 100 மில்லி, தயிர் அரை டம்ளர் கலந்து, கோதுமை மாவு 250 கிராமை ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சோடா உப்பு, சிட்டிகை உப்பு, சுக்கு, ஏலம் இவற்றுடன் சலித்துச் சேர்க்க வேண்டும். அதிகம் பிசைதல் கூடாது. சுடுவதற்குத் தனி அடுப்பு இல்லாத வீட்டில், கனத்த இரும்புச் சட்டியில் இரண்டங்குலம் மணல் பரப்பி, பத்து நிமிஷம் மூடிச் சூடாக்கி, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை ஊற்றி மணல்மேல் வைத்து, மூடியைத் திறவாமல் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைத்தால் போதும். கத்தி குத்தி எடுத்தால் மாவு ஒட்டலாகாது. மூடிமேல் தணல் வைத்தால் மேற்புறமும் சிவக்கும்.

அமெரிக்காவில் நவம்பர் நாலாவது வியாழனன்று கொண்டாடும் நன்றித் திருநாளுக்குப் பரங்கிப் பணியாரம் இல்லாத வீடு அரிது. அங்கே அதற்காகத் தகரத்தில் அடைத்து விற்கும் கூழ் பெரும்பாலும் நம் பரங்கியின் இனத்தைச் சேர்ந்த காயிலிருந்தே எடுக்கப்படுகிறது. அக்டோபர் 31-ஆந் தேதிப் பண்டிகைக்கு முகம்போல் குடைந்து விளக்கேற்றும் காயோ வேறு இனம், சதை நீர்த்தது. பண்டிகை முடிந்ததும் அதில் பெரும் பகுதி குப்பைக்குப் போகிறது. உடைக்கும் காய் வேறு, உண்ணும் காய் வேறு என்று பிரித்துப் பயிரிடுவதால் அந்நாட்டு விவசாயிக்கு இரண்டு சந்தையும் கிடைக்கின்றன.

விற்பனை

கே.கே. நகரை ஒட்டிய அண்ணா நகரில் 1999 நவம்பர் 14-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயி அங்கே தரகின்றி விற்கலாம். பரணேற்றிய காயைக் கார்த்திகை, மார்கழியில் சிறிது சிறிதாகக் கொண்டுசெல்ல இதுவே தக்க இடம். பலகாரம் செய்து விற்க விரும்பும் மகளிர் குழுவினர் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நகரை அடுத்த கிராமங்களின் அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை: ஆயுத பூஜை இரவில் சாலை நடுவே உடைத்த பூசணியில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சறுக்கி ஆட்கள் விழுகின்றனர். வாசலோரமாக உடைத்து, உடனே அள்ளி எருக்குழியில் போடும்படி முதல்நாளே அறிவிப்புச் செய்துவைத்தல் நலம்.

பலகாரத்துக்கு அறுத்த காயின் விதையை வீணாக்க வேண்டாம். முற்றின பரங்கி விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி வறுத்தால் சிறுவர்க்கு நல்ல தின்பண்டம். மார்கழிப் பட்டத்துக்கு விதையாக வைப்பதாயின், அக்கம்பக்கத்தில் வேறு ரகப் பரங்கி இல்லாத தோட்டத்துக் காயாயிருக்கவேண்டும். தேனீயால் மகரந்தம் கலந்து ரகம் மாறிவிடும். மார்கழிக் கோலத்துக்குப் பூப்பறிக்க வருவோரிடம் அடியில் பிஞ்சு இல்லாத ஆண்பூவை மட்டும், அதுவும் குழிக்கு ஒன்றிரண்டு விட்டுவைத்துப் பறிக்கச் சொல்லவேண்டும்.