நிழற்படக் கலைஞரும் ஊர்க்கடனும்

கலை எதுவாயினும் அது கற்றவர்க்கு மட்டும் உரியதன்று. உழவர் விளைத்த நெல்லை ஊர் உண்கிறது. தச்சர் செய்த கதவு அயலார் இல்லத்தைக் காக்கிறது. நிழற்படக் கலைஞர்க்கோ பிறர்பால் உள்ள கடன் இன்னும் பெரிது. ஓவியர் தம் மனத்தினின்றே ஓர் உருவைப் படைத்தல் கூடும். நிழற்படம் எடுப்பவர்க்கு எதிரே ஒரு முகம் வேண்டும். அம்முகத்தைக் கொடுத்தவர்க்குத் திரும்பக் கிடைப்பது யாது? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்துள்ள சேரப்பணஞ்சேரியை எடுத்துக்கொள்வோம். ஏரிப் பாசனமும் நெல் வயலுமே இப்பகுதியின் பழைய முகம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் வண்டித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது; 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை எழுந்தது; 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பெற்றது. ஒரு தலைமுறைக்குள் ஊரின் தோற்றமே மாறிற்று. நோக்கியா ஆலையோ 2014-இல் மூடப்பட்டது. அங்கே உழைத்தவருட் பெரும்பாலோர் இளம்பெண்கள். படம் பிடிக்கும் கருவியை உலகுக்கு அனுப்பிய அக்கைகளை எத்தனை பேர் படம் பிடித்து வைத்தனர்? வயல் போயிற்று, வயலை அழித்து வந்த ஆலையும் போகக்கூடும். இரண்டையும் கண்ட முதியோரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர்.

இனி, நம் நாட்டில் இக்கலை நடந்த வழியைச் சிறிது நோக்குவோம். 1856-இல் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்ந்த லின்னேயஸ் டிரைப் என்பார் மதுரை, தஞ்சை முதலிய இடங்களின் கோயில்களை அரிய படங்களாக்கி வைத்தார். கல்லுக்குக் கிட்டிய அப்பெருமை மக்களுக்குக் கிட்டவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் வில்லபி வாலஸ் ஹூப்பர் என்னும் படைத்துறையாளர் எலும்புந் தோலுமாய் நின்றவர்களை வரிசைப்படுத்திப் படமெடுத்தார். எடுத்தபின் அவர்கட்கு உதவி செய்யாது அனுப்பிவிட்டார் என்னும் பழியும் அவர்மேல் எழுந்தது. பஞ்சத்தின் கொடுமைக்கு அப்படங்கள் இன்றும் சான்றாக நிற்கின்றன. எனினும், அவற்றில் நிற்போரின் பெயரை நாம் அறியோம். சான்று உண்மையாயிருப்பது மட்டும் போதாது. சான்றாக நின்றவர்க்கும் மதிப்பு வேண்டும் என்பதே இதனாற் பெறும் பாடம்.

இதற்கு மறுதலையான வழியும் நம் நாட்டிலேயே உண்டு. மதுரைப் பக்கத்து உழைப்பாளர் குடும்பத்திற் பிறந்த மு. பழனிக்குமார், மலக்குழித் தொழிலாளரின் துயரைக் காட்டிய ‘கக்கூஸ்’ என்னும் 2017-ஆம் ஆண்டின் ஆவணப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர். ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தில் நிழற்படக்காரராய்ப் பணிபுரியும் அவர், தூய்மைப் பணியாளர், மீனவர் ஆகியோரின் பிள்ளைகட்குப் படமெடுக்கும் கலையையும் கற்பித்து வருகின்றார். பிறர் நம்மைப் பார்த்த நிலை மாறி, நாமே நம்மைப் பார்க்கும் நிலை அப்பிள்ளைகட்கு வாய்க்கின்றது. கருவியைப் பிறர் கையிற் கொடுத்தலினும் மேலான கைம்மாறு ஒரு கலைஞரால் இயலுமோ?

காத்தலும் ஒரு கொடையே. முற்காலத்து ஸ்டூடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களும் கண்ணாடித் தகடுகளும் கடைகள் மூடப்படுந்தோறும் சிதறிப் போயின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு, தமிழ் நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் படியெடுத்தனர். மூலப் பொருள் நாட்டைவிட்டு நீங்கலாகாது என்பது அத்திட்டத்தின் விதி. ஜப்பானில் 2011-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டர்கள், சேற்றிற் கிடைத்த இலட்சக்கணக்கான குடும்பப் படங்களைக் கழுவி உலர்த்தி உரியவரிடம் சேர்க்க முயன்றனர். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய பகுதிகளில் வீடுகளுட் புகுந்ததை நாம் மறந்திலோம். நனைந்த படங்களை இழுத்துப் பிரிக்காமல், தூய குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, படமுள்ள பக்கம் மேலாக நிழலில் உலர்த்த வேண்டும். இச்சிறு அறிவை ஒரு கலைஞர் ஊரார்க்குச் சொல்லி வைப்பின் பல குடும்பங்களின் நினைவு பிழைக்கும்.

அங்ஙனமாயின், சேரப்பணஞ்சேரி போன்ற ஊரில் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, முதியோர் படம். உழைத்து முதிர்ந்த பலருக்கு அடையாள அட்டைக்கென எடுத்த படமன்றி வேறு படமில்லை. அவர் மறைந்தபின் அச்சிறு படத்தையே பெரிதாக்கி மாலையிடுகின்றனர். வாழுங்காலத்தில், தம் திண்ணையில், தாம் விரும்பிய உடையில் அவரை இருத்தி ஒரு நற்படம் எடுத்து அச்சிட்டுக் கையிற் கொடுத்தல் பெரிய செலவன்று. அமெரிக்காவில் ஜெரமி கவார்ட் என்னும் கலைஞர் தொடங்கிய இயக்கம் ஒன்று, படமெடுக்க வசதியற்றோர்க்கு 2009 முதல் இத்தொண்டையே செய்துவந்தது.

இரண்டாவது, ஊர்ப்பதிவு. ஏரி, மதகு, களத்துமேடு, பள்ளிக்கூடம், ஆலைப் பேருந்துக்கு விடியலிற் காத்து நிற்போர், வடநாட்டினின்று வந்து வாடகை அறைகளில் வாழ்வோர் ஆகிய யாவரும் ஊரே. ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயர், இடம், நாள் ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுதி, ஒரு படியைப் பள்ளியிலோ நூலகத்திலோ வைத்தல் வேண்டும். பெயரில்லாத படம் பாதிப் படமே.

மூன்றாவது, கற்பித்தல். விடுமுறை நாளில் பத்துப் பிள்ளைகட்குக் கைப்பேசியைக் கொண்டே ஒளியும் நிழலும் பயிற்றலாம்.

இவை யாவற்றிற்கும் முற்பட்ட ஒழுக்கம் ஒன்றுண்டு, அஃது இசைவு. உரியவரைக் கேளாமல் எடுத்த படம் கொடையன்று, கவர்தலே. பிள்ளைகளாயின் பெற்றோரைக் கேட்டல் வேண்டும். உதவிப் பொருள் பெறுவோரை ஏந்திய கையோடு படம் பிடித்து வெளியிடுதல் அவர்க்குச் சிறுமை. அதனைக் கடிந்து விலக்குக.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். உலகத்தோடு பொருந்தி, உள்ளதைப் பகிர்ந்து வாழ்வதே ஒப்புரவு. மாணவ நண்பர்காள்! உங்களுட் பலர் கையில் இன்று படக்கருவி உண்டு. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், உங்கள் தெருவில் இதுகாறும் ஒரு நற்படமும் எடுக்கப்பெறாத பாட்டியார் ஒருவர் இருப்பர். அவரிடம் இசைவு கேளுங்கள், படமெடுங்கள், மறவாமல் அச்சிட்டு அவர் கையிற் சேருங்கள். கடன் தீர்க்கும் பணி அங்கே தொடங்கும்.