அன்னாசித் தோலில் தெபாச்சே

மெக்சிகோவில் தெருவோரக் கடைகளில் ஐஸ் போட்டு விற்கும் தெபாச்சே, அன்னாசித் தோலைப் புளிக்கவைத்து எடுக்கும் பானம். ஆதியில் மக்காச்சோளத்தில் செய்தார்களாம். பிறகுதான் அன்னாசி வந்தது. திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அப்படியே சாலை பஜாருக்குள் நடந்தால் இதற்கான சாமான் எல்லாம் கிடைத்துவிடும்.

1. காம்படி மணக்கிற, நன்றாகப் பழுத்த அன்னாசி ஒன்று போதும். 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற வாழக்குளம் அன்னாசி என்றால் இனிப்புக்குக் குறைவிருக்காது. சதை பச்சடிக்கு, தோலும் நடுத்தண்டும் இதற்கு. அழுகின பகுதியை மட்டும் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

2. பழத்தை நறுக்குவதற்கு முன்பே குழாயடியில் தேய்த்துக் கழுவுங்கள். சோப்போ வெந்நீரோ வேண்டாம். புளிக்கவைக்கிற ஈஸ்ட் தோலில்தான் இருக்கிறது. கடை ஈஸ்ட் சேர்க்கத் தேவையில்லை, சேர்க்கவும் கூடாது.

3. மெக்சிகோக்காரர்கள் போடுவது பிலோன்சியோ என்ற கரும்பு வெல்லம். நம் வெல்லம் அதற்குச் சரியான மாற்று. என் ஓட்டு கருப்பட்டிக்கு. நிறம் கறுத்தாலும் மணம் வேறு. 200 கிராம் எடுத்து, கொஞ்சம் நீரில் காய்ச்சிக் கரைத்து, மண்ணும் கசடும் போக வடிகட்டி, முழுக்க ஆறவிடுங்கள். சூடாக ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும்.

4. மொத்தம் 2 லிட்டர் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு. அதற்குமேல் போட்டால் கஷாயம்தான்.

5. கண்ணாடி ஜாடி அல்லது பீங்கான் பரணி. அலுமினியம், பித்தளை, செம்பு கூடாது. ஊறுகாய் போட்ட பரணியும் வேண்டாம், உப்பும் எண்ணெயும் எவ்வளவு கழுவினாலும் போகாது. எல்லாவற்றையும் அதில் சேர்த்து, நுரைக்க இடம் விட்டு, தோல் மேலே மிதக்காமல் சின்னத் தட்டை வைத்து அமுக்கி, துணியால் வாய் கட்டுங்கள்.

6. மெக்சிகோ நகரம் குளிர்ச்சியான மேட்டு நிலம். அங்கே மூன்று நாள் ஆகலாம். திருவனந்தபுரத்து வெக்கையில் அடுத்த நாளே குமிழி விடும். 24 மணி நேரத்தில் ஒருமுறை ருசி பாருங்கள். இனிப்பும் லேசான புளிப்பும் சேர்ந்து நாக்கில் சுர்ரென்று பட்டால் போதும், வடிகட்டிவிடுங்கள்.

7. வெள்ளை நுரை பயமில்லை, கரண்டியால் எடுத்துவிடலாம். பச்சை, கறுப்பு என்று பூஞ்சை முடிபோல் வளர்ந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கருப்பட்டி விலையை நினைத்து மனம் இரங்க வேண்டாம்.

8. வடிகட்டியதை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் குடித்துவிடுங்கள். புளிப்பது குறையுமே தவிர நிற்காது. கண்ணாடி பாட்டிலை இறுக மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கலாம். மூடியைத் தளர்த்தியே வையுங்கள்.

9. லேசாக ஆல்கஹால் இருக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தர வேண்டாம். சர்க்கரை கூட்டி நாள்கணக்கில் விட்டால் அது ஒயின் பக்கம் போய்விடும். வீட்டில் ஒயின் போடுவது குற்றம் என்று கேரளக் கலால் துறை 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் எச்சரித்தது நினைவிருக்கட்டும்.

10. பரிமாறும்போது ஐஸ், எலுமிச்சை, சிட்டிகை உப்பு, மிளகாய்த்தூள். மெக்சிகோவிலும் அப்படித்தான். நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்!

11. ரொம்பப் புளித்துவிட்டதா? வடிகட்டி, துணி கட்டி மூன்று நான்கு வாரம் விட்டால் வினிகராகும். சாலட்டுக்கு நல்லது. அமிலத்தன்மை எவ்வளவு என்று அளந்து பார்க்காத வினிகர் இது. மாதக்கணக்கில் வைக்கும் ஊறுகாய்க்கு ஊற்றாதீர்கள்.