கூர் உளி, குறைந்த செலவு

1. கையில் கட்டு

மாமா வீட்டு வாசலில் சைக்கிள் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினான். பின்னால் அவன் மனைவியும் இறங்கினாள். மாப்பிள்ளையின் இடது கையில் துணிக் கட்டு. கட்டில் ரத்தக் கறை.

"கையில் என்ன மாப்பிள்ளை?" என்று மாமா கேட்டார்.

"உளி பட்டுவிட்டது மாமா. நிலைச் சட்டத்தில் துளை போட்டேன். உளி இறங்கவில்லை. ஓங்கி அடித்தேன். வழுக்கிவிட்டது."

"ஊசி போட்டாயா?"

"ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். நான்கு நாள் வேலை போய்விட்டது."

மாமா வயதான தச்சர். நாற்பது ஆண்டுகள் மர வேலை செய்தவர். அவர் மாப்பிள்ளையின் பையைத் திறந்தார். உளியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நுனியில் ஒரு வெள்ளைக் கோடு மின்னியது.

"இந்தக் கோட்டைப் பார். கூரான நுனியில் ஒளி நிற்காது. மழுங்கிய நுனியில்தான் நிற்கும். கூரான உளியைக் கண்டு நாம் பயப்படுகிறோம். ஆனால் மழுங்கிய உளிதான் பெரிய ஆபத்து. கூர் இருந்தால் உளி நாம் வைத்த இடத்தில் இறங்கும். கூர் இல்லாவிட்டால் பலம் போட்டு அடிப்போம். அது வழுக்கும். கை குறுக்கே இருந்தால் கையில் ஏறும்."

மாப்பிள்ளை தலை குனிந்தான்.

"மாதம் இரண்டு முறை சாணைக்காரரிடம் கொடுக்கிறேன் மாமா. இரண்டு நாளில் கூர் போய்விடுகிறது. மற்ற நாளெல்லாம் மழுங்கிய உளியோடு மல்லுக்கட்டுகிறேன். அதனால் மின்சாரச் சாணை ஒன்று வாங்கப் போகிறேன். வாரவட்டிக்காரர் பணம் தருகிறேன் என்கிறார்."

2. துண்டுச் சீட்டு

மாப்பிள்ளையின் மனைவி முந்தானையில் முடிந்திருந்த சீட்டை எடுத்தாள். அவள் எழுத்தறிவு மையத்தில் படித்தவள். இப்போது தொடர்கல்வி மையத்துக்குப் போகிறாள்.

"வட்டிக்காரர் இதில் எழுதிக் கொடுத்தார் மாமா. நான் படித்துப் பார்த்தேன். கையில் தருவது 2,700 ரூபாய். வாரம் 300 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 12 வாரம்."

"கணக்குப் போட்டாயா தாயி?"

"போட்டேன். 12 முறை 300 என்றால் 3,600 ரூபாய். வாங்குவது 2,700. கட்டுவது 3,600. மூன்று மாதத்தில் 900 ரூபாய் கூடுதல். இவரிடம் சொன்னேன். வேறு வழி இல்லை என்கிறார்."

"வழி இருக்கிறது" என்றார் மாமா. "முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மின்சாரச் சாணை மட்டும் உளியைக் கூராக்காது. அது இரும்பைத் தேய்த்து வடிவம் கொடுக்கும். உடைந்த நுனியைச் சரி செய்யும். அதற்குப் பிறகும் கல்லில் தீட்டத்தான் வேண்டும். சாணை வாங்கினாலும் கல் வேண்டும். கல் இருந்தால் தினமும் சாணை வேண்டாம்."

3. எத்தனை வழிகள்?

கூர் தீட்டப் பல வழிகள் உண்டு. மாமா ஒவ்வொன்றாகச் சொன்னார்.

உப்புத்தாள்: நீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாள். தாளின் பின்னால் எண் இருக்கும். 220 என்றால் சொரசொரப்பு அதிகம். 1,000 என்றால் நைசு. எண் கூடக் கூடத் துகள் சிறிதாகும். தாளைத் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டித் தீட்டலாம். முதல் செலவு மிகக் குறைவு. ஆனால் தாள் சீக்கிரம் தேயும். திரும்பத் திரும்ப வாங்க வேண்டும்.

இருபக்கக் கல்: ஒரு பக்கம் சொரசொரப்பு. மறு பக்கம் நைசு. எல்லா இரும்புக் கடையிலும் கிடைக்கும். நன்றாக வைத்துக்கொண்டால் பல ஆண்டுகள் உழைக்கும்.

வைரத் தகடு: இரும்புத் தகட்டின் மேல் வைரத் துகள் பதித்திருக்கும். வேகமாகத் தேய்க்கும். குழி விழாது. நல்ல தகட்டுக்கு விலை அதிகம். மலிவான தகட்டில் துகள் சீக்கிரம் உதிரலாம்.

மின்சாரச் சாணை: சக்கரம் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் சுற்றும். வேகம் அதிகம். சூடும் அதிகம். உளியின் நுனி நீலமாக மாறினால் அதன் உறுதி போய்விட்டது என்று பொருள். அந்த நீலப் பகுதி முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். அதனால் உளியை அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். தோளில் துண்டு தொங்கக் கூடாது. விரிசல் விட்ட சக்கரத்தை ஓட்டக் கூடாது.

"சின்ன வயதில் நான் ஒரு நல்ல இழைப்புளித் தகட்டை நீலமாக்கிவிட்டேன்" என்றார் மாமா. "என் அப்பா திட்டவில்லை. அந்தத் தகட்டைக் கல்லில் தேய்த்துச் சரி செய்யச் சொன்னார். இரண்டு நாள் தேய்த்தேன்."

4. நோட்டுப் புத்தகத்தில் கணக்கு

மாமா விலை சொன்னார். மருமகள் நோட்டில் எழுதினாள்.

இப்போது ஆகும் செலவு: நான்கு உளி, ஒரு இழைப்புளித் தகடு. மொத்தம் 5. சாணை பிடிக்க ஒன்றுக்கு 20 ரூபாய். ஒரு முறைக்கு 100 ரூபாய். மாதம் இரண்டு முறை 200 ரூபாய். வருடம் 2,400 ரூபாய்.

கடன் வாங்கிச் சாணை வாங்கினால்: கடனுக்கு 3,600 ரூபாய். கல்லும் மற்றச் சாமான்களும் 500 ரூபாய். மொத்தம் 4,100 ரூபாய்.

உப்புத்தாள் மட்டும் என்றால்: மாதம் மூன்று தாள். ஒன்று 20 ரூபாய். மாதம் 60 ரூபாய். வருடம் 720 ரூபாய். நுனி உடைந்தால் சாணைச் செலவு தனி.

கல் வாங்கினால்: இருபக்கக் கல் 350 ரூபாய். எண்ணெய் 50 ரூபாய். செருப்புத் தைப்பவரிடம் தோல் துண்டு 20 ரூபாய். பச்சை மெருகுக் கட்டி 80 ரூபாய். மொத்தம் 500 ரூபாய். நுனி உடைந்தால் சாணைக்காரரிடம் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்தால் வருடம் 400 ரூபாய். முதல் வருடம் மொத்தம் 900 ரூபாய்.

"அப்படியானால் இந்த வருடமே 1,500 ரூபாய் மிச்சம்" என்றாள் மருமகள். "அடுத்த வருடம் கல் வாங்க வேண்டாம். எண்ணெயும் மெருகுக் கட்டியும்தான் கொஞ்சம் வாங்க வேண்டும். இன்னும் மிச்சமாகும்."

இவை கணக்குக்காகச் சொன்ன விலைகள். ஊருக்கு ஊர் விலை மாறும். உங்கள் ஊர்க் கடையில் விலை கேளுங்கள். நீங்களும் இப்படி எழுதிப் பாருங்கள்.

5. தீட்டுவது எப்படி?

மாமா தம் கல்லை எடுத்து வைத்தார். கல் நகராமல் இருக்கக் கீழே ஈரத் துணி விரித்தார்.

முதல் படி: கல்லில் சில சொட்டு எண்ணெய் விடுங்கள். தேய்ந்த இரும்புத் தூளை எண்ணெய் மிதக்க வைக்கும். கல்லின் கண் அடைக்காது. எண்ணெய் விட்ட கல்லுக்கு எப்போதும் எண்ணெயே விடுங்கள். தண்ணீர் விட்ட கல்லுக்குத் தண்ணீரே விடுங்கள். மாற்ற வேண்டாம்.

இரண்டாம் படி: உளியின் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படிய வைத்துத் தேயுங்கள். நுனி அருகே ஓர் அங்குலம் சமமானால் போதும். புது உளிக்கு இதை ஒரு முறை செய்தால் போதும்.

மூன்றாம் படி: உளியைத் திருப்புங்கள். சரிவுப் பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் படிய வையுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள். சாய்வு மாறாமல் முன்னும் பின்னும் தள்ளுங்கள். கல்லின் நடுவில் மட்டும் தேய்க்காதீர்கள். குழி விழும். கல் முழுவதையும் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: தட்டைப் பக்கத்தில் விரலை நுனி நோக்கி மெல்லத் தடவுங்கள். விரலை நுனி நீளத்துக்கு ஓட்டாதீர்கள். வெட்டும். நுனியில் மெல்லிய பிசிறு தட்டுப்படும். நுனி முழுவதும் பிசிறு வந்தால் அந்தப் பக்கம் முடிந்தது.

ஐந்தாம் படி: கல்லை நைசுப் பக்கம் திருப்புங்கள். சரிவுப் பக்கத்தை மறுபடி தீட்டுங்கள். பிறகு தட்டைப் பக்கத்தைப் படிய வைத்து இரண்டு மூன்று முறை தேயுங்கள். பிசிறு போகும்.

ஆறாம் படி: தோலைப் பலகையில் ஒட்டுங்கள். மெருகுக் கட்டியை அதில் தேயுங்கள். உளியைத் தோலில் வைத்துப் பின்னுக்கு மட்டும் இழுங்கள். முன்னுக்குத் தள்ளினால் தோல் கிழியும்.

கூரைக் கட்டைவிரலில் சோதிக்காதீர்கள். மென்மையான மரத்துண்டின் முனையில் சீவிப் பாருங்கள். மரம் நசுங்காமல் வழவழப்பாக வந்தால் கூர் சரி.

6. சாய்வு எவ்வளவு?

"எவ்வளவு சாய்வு என்று எப்படித் தெரியும் மாமா?"

"அதற்குக் கருவி வேண்டாம். அளவுகோல் போதும்" என்றார் மாமா. "உளியின் கனம் ஒரு நூல் என்று வை. சரிவுப் பக்கத்தின் நீளம் இரண்டு நூல் இருந்தால் சாய்வு 30 டிகிரி. கனத்தைப் போல இரண்டு மடங்கு. இதுதான் கணக்கு."

துளை போடும் உளிக்கு 30 முதல் 35 டிகிரி வரை வைக்கலாம். அடி தாங்கும். கையால் தள்ளிச் சீவும் உளிக்கு 25 டிகிரி போதும். அதற்குச் சரிவு கனத்தைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சாய்வு குறைந்தால் எளிதாக வெட்டும். ஆனால் நுனி சீக்கிரம் உடையும்.

மரமும் கூரைத் தின்னும். தேக்கில் மணல் போன்ற சத்து உண்டு. ஒட்டுப்பலகையில் பசை உண்டு. இவற்றில் வேலை செய்தால் அடிக்கடி தீட்ட வேண்டும். சகாரன்பூரில் சீசம் மரத்தில் பூ வேலை செய்கிறார்கள். காஷ்மீரில் அக்ரூட் மரத்தில் செதுக்குகிறார்கள். எந்த ஊரானாலும் உளி மழுங்கினால் வேலையை நிறுத்தித் தீட்டத்தான் வேண்டும். தீட்டும் ஐந்து நிமிடம் வீண் இல்லை.

7. மூன்று மாதம் கழித்து

மாப்பிள்ளை கல் வாங்கினான். முதல் வாரம் சாய்வு பிடிபடவில்லை. நுனி உருண்டுவிட்டது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்டினார். இரண்டாம் வாரம் பிடிபட்டது.

நாளடைவில் கல்லின் நடுவில் லேசாகக் குழி விழுந்தது. மாமா அதற்கும் வழி சொன்னார். கல்லின் மேல் பென்சிலால் கோடுகள் போட்டார்கள். தட்டையான கண்ணாடியில் 80 எண் தாளை ஒட்டினார்கள். தண்ணீர் தொட்டுக் கல்லைத் தேய்த்தார்கள். எல்லாக் கோடும் மறைந்தது. கல் சமமானது. காய்ந்த பிறகு மறுபடி எண்ணெய் விட்டார்கள்.

வட்டிக்காரர் ஒரு நாள் வந்தார். "பணம் கொண்டுவந்திருக்கிறேன்" என்றார்.

மருமகள் அவரிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "வேண்டாம் ஐயா. கணக்குப் பார்த்துவிட்டோம்" என்றாள்.

அந்தத் தெருவில் நான்கு தச்சர்கள். நான்கு பேரும் சேர்ந்து ஒரு மின்சாரச் சாணை வாங்கலாம் என்று பேசுகிறார்கள். விலை 2,700 ரூபாய். ஆளுக்கு 675 ரூபாய். கடன் இல்லாமல் மாதம் கொஞ்சம் சேர்க்கிறார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை மருமகள் நோட்டில் எழுதுகிறாள்.

மாப்பிள்ளையின் கையில் தழும்பு இருக்கிறது. காலையில் வேலை தொடங்கும் முன் கல்லை எடுத்து வைக்கிறான். உளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். வெள்ளைக் கோடு தெரிந்தால் தீட்டிவிட்டுத்தான் மரத்தைத் தொடுகிறான்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. மழுங்கிய உளி ஏன் ஆபத்தானது?
2. உளியின் நுனி நீலமானால் என்ன பொருள்?
3. வட்டிக்காரர் கையில் தருவது எவ்வளவு? திருப்பிக் கட்டுவது எவ்வளவு?

ஆ. கணக்குப் போடுங்கள்.
1. உளியின் கனம் ஒன்றரை நூல். சாய்வு 30 டிகிரி வேண்டும். சரிவு நீளம் எத்தனை நூல்?
2. ஐந்து பேர் சேர்ந்து 3,000 ரூபாய்க்கு ஒரு கருவி வாங்குகிறார்கள். ஆளுக்கு எவ்வளவு?

இ. பேசுங்கள்.
உங்கள் வீட்டில் அரிவாள்மனை, கத்தி, கதிர் அரிவாள் எப்படித் தீட்டுகிறீர்கள்? வருடம் எவ்வளவு செலவாகிறது? நோட்டில் எழுதி, மையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.