பழைய ஃபால்ஸ் சீலிங்கை நாமே கழற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நடுவில் தொய்ந்து, ஏசித் தண்ணீர் ஒழுகிப் பழுப்பு வட்டம் விழுந்த ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்ற ஆள் கூப்பிட்டால், பெரும்பாலும் சுத்தியலோடுதான் வருவார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் கீழே கிடக்கும். வீடு முழுக்கப் புழுதி, உள்ளே ஓடிய வயர் அறுந்திருக்கும். அடிக்கவே தேவையில்லை. போட்ட வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் பிரித்தால், பத்துக்குப் பன்னிரண்டு அறையை இரண்டு பேர் ஒரு நாளில் நிதானமாக முடித்துவிடலாம்.

தலைக்கு மேல் இருப்பது எது?

இரண்டடிச் சதுர டைல்கள் ‘டீ’ வடிவச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அது கிரிட் சீலிங். கழற்ற மிகவும் எளிது. இணைப்பே தெரியாத ஒரே பரப்பாக இருந்தால் ஜிப்சம் போர்டு. மேலே ஜிஐ சேனலில் ஸ்க்ரூ அடித்திருப்பார்கள். கம்பி வலையில் பூசிய பழைய பிஓபி சீலிங் கனமானது, பாளம் பாளமாக விழும். அதைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

சாம்பல் நிறத்தில், தட்டினால் சிமெண்ட் போல ஒலிக்கும் தட்டை ஷீட்டாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கூரையில் தினமும் பார்த்துப் பழகிய பொருள் என்பதால் நமக்கு அதன்மேல் பயம் விட்டுப்போயிருக்கிறது. ஆனால் அதை உடைத்தாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும். நுரையீரலில் தங்கினால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாகக்கூட வெளிப்படலாம். சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் பரிசோதித்து உறுதிசெய்யும்வரை துளைகூடப் போட வேண்டாம்.

தொடங்கும் முன் உள்ளே பாருங்கள்

எங்கள் ஹாலில் ஓரத்து டைல் ஒன்றைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். லைட்டுக்குப் போகும் வயரில் ஒரு ஜாயிண்ட். சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப் காய்ந்து, வெங்காயச் சருகு போல உரிந்து, செம்புக் கம்பி பளிச்சென்று தெரிந்தது. ஒரு சாண் தள்ளி, சட்டத்தைத் தாங்கும் ஜிஐ ராட். சட்டத்தைப் பிடித்து இழுத்திருந்தால் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும்.

அதனால் எம்சிபியை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். பலர் மறப்பது இதைத்தான்: மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே லைட்டுகளைக் கழற்றுங்கள். சீலிங்கைத் துளைத்துத் தொங்கும் ஃபேனையும் முதலிலேயே இறக்கிவிடுங்கள்.

எலிப் புழுக்கை தெரிந்தால் விளக்குமாறு எடுக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, கையுறை போட்டு அள்ளுங்கள்.

கழற்றும் வரிசை

சாமான்களை வெளியேற்றித் தரையில் தார்ப்பாய் விரித்து, கதவிடுக்கில் ஈரத்துணி செருகுங்கள். என்95 மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை அவசியம். கைக்குட்டை கட்டினால் போதாது. ஸ்டூல் மேல் ஸ்டூல் போடாமல், இரண்டு பக்கமும் விரியும் ஏணி வையுங்கள்.

கிரிட் சீலிங்கில் டைலை உள்ளங்கையால் மேலே தூக்கி, சாய்த்து, சட்டத்தின் வழியாக இறக்குங்கள். அடுத்து சின்ன கிராஸ் டீ, பிறகு நீளமான மெயின் டீ, கடைசியில் சுவர் ஆங்கிள். மெயின் டீயை ஒருவர் தாங்கிப் பிடித்த பிறகுதான் மற்றவர் தொங்கு கம்பியை வெட்ட வேண்டும்.

ஜிப்சம் போர்டில் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் தெளித்து, கத்தியால் இரண்டடிக் கட்டமாகக் கீறி, ஸ்க்ரூவைத் திருகி எடுத்து, துண்டு துண்டாகக் கையில் வாங்குங்கள். 12.5 மில்லிமீட்டர் போர்டு சதுர மீட்டருக்குச் சுமார் 8 முதல் 9 கிலோ. அப்படியானால் பத்துக்குப் பன்னிரண்டு அறையின் சீலிங்கில் 90 முதல் 100 கிலோ வரை தொங்குகிறது. தண்ணீர் குடித்த போர்டு இன்னும் கனக்கும். முழுப் போர்டைத் தலைக்கு மேல் தாங்கப் பார்க்காதீர்கள்.

குப்பை எங்கே போகும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகே முதல் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். ஜிஐ சேனல், கம்பி, அலுமினியம் எல்லாவற்றையும் பழைய இரும்புக்கடையில் எடுத்துக்கொள்வார்கள். ஜிப்சத்தைச் சிமெண்ட் சாக்கில், ஒருவர் தூக்கும் அளவுக்குக் கட்டி, நனையாமல் வையுங்கள். வீட்டுக் குப்பையோடு சேர்க்கவே கூடாது. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். ஈரத்தில், காற்றில்லாமல், மட்கும் குப்பையோடு கிடந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உருவாகும். டைல்கள் தெர்மோகோலாக இருந்தால் கொளுத்தாதீர்கள், அதன் புகை நச்சு.

சென்னையில் கட்டட இடிபாடுகளைப் பெருங்குடி, கொடுங்கையூர் ஆலைகளில் பிரித்துப் பதப்படுத்துகிறார்கள். 1913 எண்ணில் மாநகராட்சியிடம் கேட்டுக்கொள்ளலாம். மற்ற ஊர்களில் நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். வண்டிக்காரரிடம் எங்கே கொட்டுவார் என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். இடிபாடு கொட்டியே தூர்ந்துபோன ஏரிக்கரைகள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய.

வெறும் ஸ்லாப் தெரிந்த பிறகு

கழற்றி முடித்ததும் ஸ்லாப்பை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். டொக் டொக்கென்று பொள்ளலாகக் கேட்டாலோ, துருக்கறை தெரிந்தாலோ, இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ராட் தொங்கிய ஓட்டைகளை உடனே பட்டி பார்த்து அடைக்க வேண்டாம். ஒரு நல்ல மழை பெய்து ஓயட்டும். ஈரம் எந்த இடத்தில் ஊறுகிறது என்று அப்போது கண்ணாலேயே பார்த்துவிடலாம்.