காய்கனிகளைக் காப்போம்! பறவைகளையும் காப்போம்!

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

ஒரு கொய்யாப் பழத்தை நாம் ஐந்து நிமிடத்தில் தின்றுவிடுகிறோம். ஆனால் அது பூவாகி, பிஞ்சாகி, காயாகி, பழமாவதற்கு ஏறக்குறைய நான்கைந்து மாதங்கள் ஆகின்றன. அத்தனை நாளும் நீர் பாய்ச்சிக் காத்திருந்தவர் பறிக்க வரும் நாளில், ஒரு கிளி முந்திக்கொண்டு கொத்திவிட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்! அதற்காகப் பறவையைக் கொல்லலாமா? கொல்லாமலே விளைச்சலைக் காக்க வழி உண்டா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் அனுபவம்

கொய்யாவுக்குப் பெயர் பெற்ற ஆயக்குடி, பழனிக்கு அருகில் உள்ளது. அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் என் அப்பத்தாவுக்குப் பன்னிரண்டு கொய்யா மரங்களும், கிணற்றடியில் சிறு தக்காளிப் பாத்தியும் உண்டு. கொய்யா விற்ற பணத்தில்தான் எனக்கும் தம்பிக்கும் பள்ளிச் சீருடை எடுப்பார்கள். கொத்திய பழத்தைச் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள். சென்ற ஆண்டு கூடைக்குப் பாதி கொத்தல் பழமாகவே இருந்தது.

"பழுக்கிறதுக்கு முந்தியே வந்துருதுக தாயி, நான் என்ன செய்ய?" என்று அப்பத்தா கலங்கினார்கள். அவர்கள் படும் துன்பம் தாங்காமல், உறவினர் ஒருவர் கொடுத்த பழைய நரம்பு வலையை நானே இரண்டு மரங்களின்மேல் போட்டேன். இழுத்துக் கட்டவில்லை, அப்படியே தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது ஒரு கொண்டைக்குருவி கால் சிக்கி, தலைகீழாகத் தொங்கி இறந்து கிடந்தது. இரவெல்லாம் துடித்திருக்க வேண்டும். இணைக்குருவி பக்கத்துக் கிளையில் இருந்து கத்திக்கொண்டே இருந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் சிஸ்டரிடம் இதைச் சொல்லி அழுதேன். "வலை போட்டது தவறில்லை. போட்டபின் போய்ப் பார்க்காததுதான் தவறு. எப்படிக் கட்டுவது என்று கற்றுக்கொள்" என்றார்கள். அவர்கள் சொல்லித் தந்ததையும், நான் படித்தும் பார்த்தும் அறிந்ததையும் கீழே தொகுத்துத் தருகிறேன்.

பண்டைத் தமிழர் கண்ட முறை

பறவைகளிடமிருந்து பயிரைக் காப்பது நமக்குப் புதிதன்று. சங்க காலத்தில் மலைநாட்டுப் பெண்கள் தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து கிளி ஓட்டினர். இதனைக் 'கிளி கடிதல்', 'புள் ஓப்புதல்' என்று இலக்கியம் கூறும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தழல், தட்டை, குளிர் என்னும் கிளியோட்டும் கருவிகள் குறிப்பிடப்படுகின்றன. தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து செய்த ஓசைக் கருவி. வள்ளி தினைப்புனம் காத்த கதையையும் நாம் அறிவோம். ஓசை எழுப்பியும் கவண்கல் எறிந்தும் பறவைகளைப் புனத்தைவிட்டு அகற்றினர். நம்மைப் போன்ற இளம் பெண்களே அந்தக் காவலைச் செய்தனர் என்பது நமக்குப் பெருமை அல்லவா?

சேதம் செய்தது யார்?

காவல் போடுமுன் யார் தின்றது என்று அறிய வேண்டும். பறவைமேல் விழும் பழியில் பாதி அணிலுக்கும் வௌவாலுக்கும் உரியது.

பச்சைக்கிளி காயையும் விடாது. ஒரு காலால் பிடித்துச் சிறிது கடித்துவிட்டுக் கீழே போட்டுவிடும்; தின்பதைவிட வீணாக்குவதே அதிகம். கொண்டைக்குருவியும் மைனாவும் குயிலும் கனிந்த பழத்தையே நாடும். பழத்தில் குழி விழுந்தாற்போல் கொத்தியிருந்தால் அது பெரும்பாலும் இவற்றின் வேலை. பற்கள் பதிந்து கறண்டியிருந்தால் அணில். இரவில் சேதம் நடந்து, மரத்தடியில் மென்று துப்பிய சக்கை கிடந்தால் அது பழந்தின்னி வௌவால். வௌவால் பறவையன்று, பாலூட்டி என்பதை நாம் அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். தக்காளி, நிலக்கடலை, கீரை நாற்று ஆகியவற்றைக் கூட்டமாக வந்து மேய்வது மயில். விதைத்த சோளத்தையும் தானியத்தையும் பொறுக்குபவை புறாவும் குருவியும்.

காக்கும் முறைகள்

1. விதைப்பருவம்: கீரை விதைத்த பாத்தியின்மேல் தென்னங்கீற்றையோ முள் கிளையையோ பரப்பி, முளைத்துச் சற்று வளர்ந்தபின் எடுத்துவிட வேண்டும். விதைகள் மண்ணின்மேல் தெரியாமல் மூடியிருக்க வேண்டும்.

2. உறையிடுதல்: கொய்யாக் காய் எலுமிச்சை அளவு ஆனதும் பழைய பருத்தித் துணியால் தைத்த சிறு பையையோ காகித உறையையோ மாட்டலாம். பழக்காம்பில் கட்டாமல், அதைத் தாங்கும் சிறு கிளையில் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் பையானால் அடியில் துளையிடாவிட்டால் உள்ளே வியர்த்துப் பழம் அழுகிவிடும். உறையிட்ட பழத்தைப் பழ ஈயும் அண்டாது. ஒரு வேலையில் இரண்டு பயன்! மாதுளைக்கும் இம்முறை ஏற்றது.

3. செங்காயாகப் பறித்தல்: தக்காளி செடியிலேயே சிவக்க வேண்டும் என்பதில்லை. நிறம் மாறத் தொடங்கியதும் பறித்துக் கூடையில் வைத்தால் சில நாட்களில் தானே பழுத்துவிடும். மாங்காயையும் முற்றியதும் பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கலாம். இதற்குக் காசு செலவில்லை.

4. அச்சுறுத்துதல்: வைக்கோல் பொம்மை, தகர டப்பா, காற்றில் ஒலிக்கும் பழைய ஒலிநாடா, பளபளக்கும் குறுந்தகடு ஆகியவற்றைக் கட்டலாம். ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளியும் உள்ள மின்னும் நாடாவை இரண்டு மூன்று முறுக்கு முறுக்கிக் கட்டினால் ஒளியும் வீசும், ஓசையும் எழுப்பும். ஆனால் பறவைகள் அறிவுள்ளவை. அசையாத பொம்மையைச் சில நாளில் புரிந்துகொண்டு அதன் தலைமேலேயே உட்கார்ந்துவிடும்! எனவே பழம் முதிரும் நாட்களில் மட்டும் கட்டி, அடிக்கடி இடம் மாற்ற வேண்டும்.

5. தண்ணீர் வைத்தல்: கோடையில் சில பறவைகள் தாகத்திற்காகவும் தக்காளியைக் கொத்துகின்றன. தோட்டத்து ஓரத்தில் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்து நாள்தோறும் மாற்றலாம்.

6. வலையிடுதல்: உறுதியான முறை இதுவே, கவனமில்லாவிட்டால் ஆபத்தான முறையும் இதுவே. மெல்லிய நரம்பு வலை பறவையின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அது கூடாது. கண்ணில் படும் வெள்ளை நிறத் தடித்த நூல் வலையே நல்லது. வலைக்கண்ணில் நம் விரல் நுழையக் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வீட்டுப் பழமரங்களுக்கு இடும் வலையின் கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தலாகாது என்று 2021 செப்டம்பர் முதல் விதியே உள்ளது. கம்பு நட்டுச் சட்டம் அமைத்து, பழத்திலிருந்து ஒரு சாண் விலகியிருக்குமாறு வலையைத் தளர்வின்றி இழுத்துக் கட்ட வேண்டும். பழத்தை ஒட்டியிருந்தால் வலைக்கு வெளியிலிருந்தே கொத்திவிடும். அடி ஓரத்தை மண்ணோடு சேர்த்து அழுத்த வேண்டும். காலையும் மாலையும் சுற்றிவந்து பார்க்க வேண்டும். பறித்து முடிந்ததும் கழற்றிச் சுருட்டி வைத்துவிட வேண்டும். பாகல், பூசணி போன்ற கொடிகளைப் பூக்கும்போதே மூடினால் தேனீ உள்ளே வரமுடியாமல் காய் பிடிக்காது. பிஞ்சு பிடித்தபின்தான் மூட வேண்டும்.

ஏன் கொல்லக் கூடாது?

சிலர் தானியத்தில் நஞ்சு கலந்து வைக்கின்றனர். இது பெருங்குற்றம். மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலைக் கொல்வது தண்டனைக்குரியது. மேலும் நஞ்சு இன்ன உயிர் என்று பார்க்காது. கோழி, நாய், நரி எல்லாம் சேர்ந்து மடியும்.

இதில் மற்றோர் உண்மையும் உண்டு. பழம் கொத்தும் மைனாவே உழவர் ஏர் ஓட்டும்போது பின்னால் நடந்து புழுக்களைப் பொறுக்குகிறது. தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டுகிறது. கரிச்சான் குருவி வயலில் பறக்கும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கிறது. அதற்காகவே உழவர்கள் வயலில் 'டி' வடிவக் குச்சிகளை நட்டுப் பறவைகளுக்கு இருக்கை அமைக்கின்றனர். கூகை இரவில் எலிகளை வேட்டையாடுகிறது. பழம் கனியும் சில வாரங்களில் பறவை நமக்குப் பகைபோலத் தோன்றினாலும், மற்ற நாட்களில் அது கூலி கேட்காத வேலைக்காரன்.

இதை மறந்த ஒரு நாடு பட்ட துன்பம் வரலாற்றில் உள்ளது. 1958-இல் சீன நாட்டில் எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி ஆகிய நான்கையும் ஒழிக்க ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. மக்கள் தட்டையும் முரசையும் விடாமல் தட்டினர். உட்கார இடமின்றிப் பறந்து பறந்து களைத்துக் குருவிகள் விழுந்து இறந்தன. கூடுகளும் முட்டைகளும் அழிக்கப்பட்டன. விளைவு என்ன? தின்ன ஆளில்லாமல் பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகின. 1960-இல் குருவியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர். அக்காலத்தில் அங்கே ஏற்பட்ட பெரும் பஞ்சத்திற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் குருவிகளை அழித்ததும் ஒன்று. நம் முன்னோரும் ஓசை எழுப்பினார்கள். ஆனால் பறவை வேறிடம் போய் இரை தேடட்டும் என்றே எழுப்பினார்கள். ஓசை ஒன்றே, நோக்கம்தான் வேறு.

முடிவுரை

இந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் நானும் தம்பியும் அப்பத்தாவின் பழைய புடவைகளைக் கிழித்துச் சிறு பைகள் தைத்தோம். எட்டும் கிளைகளில் உள்ள காய்களுக்கெல்லாம் மாட்டினோம். தக்காளிப் பாத்திக்குச் சட்டம் கட்டி வெள்ளை வலை போட்டோம். பள்ளி திறந்தபின் காலையும் மாலையும் சுற்றிப் பார்ப்பது தம்பியின் பொறுப்பு. கொத்தல் பழம் அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கூடைக்கு நாலைந்துதான். வலையில் ஒரு குருவியும் சிக்கவில்லை.

"உச்சிக் கொம்புலயும் ஏறிப் பை கட்டட்டுமா அப்பத்தா?" என்று தம்பி கேட்டான். "வேண்டாம்டா, அது அதுகளுக்கு" என்றார்கள் அப்பத்தா. மறுநாள் அந்தக் கொம்பில் இரண்டு கொண்டைக்குருவிகள் இருந்து பழம் தின்றன. நான் அவற்றை விரட்டவில்லை.

ஆகவே தோழியரே! காய்கனிகளை உறையிட்டும் வலையிட்டும் காப்போம். கட்டிய வலையை நாள்தோறும் கவனிப்போம். நமக்கு உதவும் பறவைகளுக்கும் ஒரு கிளையை விட்டுவைப்போம் என்று உறுதி கொள்வோமாக!