குப்பைத் தொட்டியும் காதுகுத்தும்

ஆனேக்கல்,
ஞாயிறு காலை.

மாப்ள,

ஆஃபர் லெட்டரைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய், பார்த்தேன். கேம் கேம் என்று கெட்டுப்போகிறான் என உன்னை வைதவர்களே இனி ‘விளையாட்டுக்குச் சம்பளமாமே’ என்று வாயைப் பிளப்பார்கள். பிளக்கட்டும். அந்தச் சம்பளத்தில் பதினெட்டு வருஷம் சாப்பிட்டவன் நான். சந்தோஷம்தான். கூடவே சில விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் தங்கச்சி காதுகுத்து ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது ஏழு வயது. அவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். சீர்த்தட்டு வந்தது, ஆள் வரவில்லை. சின்ன மாமன் மடியில்தான் பிள்ளை அழுதாள். அந்த நேரம் நான் பெங்களூரில் ஒரு குப்பைத் தொட்டிக்குத் துரு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கேமில் ஏதோ அமெரிக்கத் தெருமுனையில் நிற்கிற தொட்டி. ஆடுகிறவன் காரில் விர்ரென்று போகும்போது அரை நொடி கண்ணில் படும். அதற்குப் பதினொரு நாள். மூடி விளிம்பில் துரு அதிகம், கைப்பிடியில் குறைவு, கை பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்குமே! இதையெல்லாம் பிடித்துத்தான் செய்தேன், பொய் சொல்லவில்லை. அந்தப் பிடிப்புதான் நம்மை மாட்டிவிடுகிறது. அமெரிக்காவில் பொழுது விடிந்து கேம் கம்பெனிக்காரர் ஒருவர் ஃபீட்பேக் அனுப்பும்போது இங்கே ராத்திரி ஒன்பதரை. அவர் தூங்கி எழுவதற்குள் திருத்தி ஏற்றிவிட வேண்டும். 1997-ல் ராஜேஷ் ராவ் துருவா இன்டராக்டிவைத் தொடங்கிய காலத்திலிருந்தே வெளிநாட்டு கேம்களுக்குச் செய்து கொடுப்பது இந்த ஊரின் பிழைப்பு. ஃபோர்ஸா கேமில் ஓடும் கார்களில் எத்தனையோ இங்கே உருவானவை. துருவாவை 2019-ல் ராக்ஸ்டார் கம்பெனி வாங்கியது உனக்கே தெரியும்.

காதுகுத்து நடந்த அந்த ஞாயிறுக்கு ஈடாக ஒரு நாள் லீவு, காம்ப்-ஆஃப், உண்டு என்றார்கள். மூன்று மாதத்துக்குள் எடுக்காவிட்டால் காலாவதி. எடுக்க விட்டால்தானே?

இப்படி ராத்திரி பகல் பாராமல் வேலை வாங்குவதற்கு கிரன்ச் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஏதோ தின்பண்டம் மாதிரி. நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 2004-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரைக் கட்டிக்கொள்ளவிருந்த எரின் ஹாஃப்மன், காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை வாரம் ஏழு நாளும் வேலை வாங்குகிறார்கள் என்று பெயர் போடாமல் இணையத்தில் எழுதினார். அந்தக் கம்பெனியின் ஓவியர்கள் போட்டிருந்த ஓவர்டைம் வழக்கு 1 கோடியே 56 லட்சம் டாலரில் முடிந்தது.

நமக்கும் சட்டம் இருக்கிறது. கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961: நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம், ஓவர்டைமும் மூன்று மாதத்துக்கு 50 மணிக்கு மேல் கூடாது. 2024 ஜூலையில் ஐடிக்காரர்களுக்கு நாளுக்கு 14 மணி வரை நீட்டப் பார்த்தார்கள். கிட்டு என்கிற ஐடி ஊழியர் சங்கம் தெருவில் இறங்கியது, பேச்சு அடங்கியது. நீ ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், ‘இன்னைக்கு மட்டும்’ என்று சொன்னது யார், எழுதி வை. ஆபீஸ் லேப்டாப்பில் எழுதாதே. வேலை போகிற நாளில் லேப்டாப்பும் போய்விடும். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் கம்பெனி கவிழ்ந்தபோது பெங்களூரில் எத்தனை பேர் நடுத்தெருவில் நின்றார்கள் என்று நீயே படித்திருப்பாய்.

நான் இழந்தது தூக்கம் மட்டுமில்லை, மாப்ள. அந்த கேம் வெளிவந்ததும் காசு கொடுத்து வாங்கினேன். போட்டதும் என்ன செய்தேன் தெரியுமா? நேராக அந்தத் தெருமுனைக்குப் போய், தொட்டியைச் சுற்றி வந்து, டெக்ஸ்சர் ஒட்டிய தையல் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. அன்றிலிருந்து எந்த கேமையும் என்னால் ஆட முடியவில்லை, சோதிக்கத்தான் முடிகிறது. லீவு நாளிலும் அதே நாற்காலி, அதே திரை.

பக்கத்து வீட்டில் பட்டுத்தறி ஓடுகிறது. ஆனேக்கலில் இன்னும் சில தெருக்களில் அந்தச் சத்தம் உண்டு. அந்தத் தறிக்காரருக்கும் வீடுதான் பட்டறை. தறிக்கும் கட்டிலுக்கும் நாலடி. ஆனால் அமாவாசையன்று தறியைத் தொட மாட்டார். திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, சோழியை உருட்டி, கிழவர்கள் நாலு பேரோடு சௌக்காபாரா ஆடுவார். தோற்றால் தெருவே கேட்கிற மாதிரி கத்துவார். சேலை அவசரம் என்று போன மாதம் ஒருவர் பைக்கில் வந்து நின்றார். இவர் சோழியைக் கீழே வைக்கவில்லை, நாளைக்கு என்று கையை மட்டும் காட்டினார். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பதினெட்டு வருஷத்தில் அந்தக் கை எழும்பவில்லை.

நீ எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ரூம் தேட வேண்டாம். இங்கே மாடி அறையைக் காலி பண்ணிவிட்டேன். ஓசூர் பஸ்ஸில் வந்து அத்திப்பள்ளியில் இறங்கு, நான் வண்டியோடு நிற்கிறேன். உன் பழைய கன்ட்ரோலர் ரெண்டையும் எடுத்து வா. குப்பைத் தொட்டி இல்லாத கேமாக ஒன்று பார்.

மாமா